ஐந்தாவதற்கு மட்டும் பதில் இல்லை

முத்தையாபுரம், தூத்துக்குடி
20.1.2025

நொங்கு,

முப்பது வயசு ஆகப் போகிறவனை இன்னும் இப்படிக் கூப்பிடுகிறாளே என்று நினைப்பாய். பிறந்தபோது நொங்குச் சுளை மாதிரி வழுவழு என்று இருந்தாய் என்று உங்கப்பா வைத்த பேர். அவர் போன பிறகு இதைச் சொல்ல நான் ஒருத்திதான் மிச்சம். சொல்லாமல் விட்டால் எனக்கே மறந்து போகும்.

போன் அடித்தால் நீ எடுப்பதில்லை. அடித்து அடித்து அது தானாக அணைகிறது. முன்பு வேலை பார்த்த பட்டறையையும் விட்டுவிட்டாய் என்றார்கள். உன் கூட்டாளி கிருபாநிதி வீட்டுக்கு நாலு நடை நடந்து இந்த விலாசத்தை வாங்கினேன். "நாந்தான் குடுத்தேன்னு சொல்லிராதிய" என்றான். சொல்லிவிட்டேன், அவனை ஏசாதே. கடிதாசியைக் கிழித்துப் போடுகிறவன்கூடக் கிழிப்பதற்கு முன்னால் ஒரு தடவை பார்ப்பான். நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவள், பிழை இருந்தால் கூட்டிப் படித்துக்கொள்.

உங்கப்பா போன அன்றைக்கு நடந்ததை உனக்கு யாரும் ஒழுங்காகச் சொல்லவில்லை. ஆளுக்கு ஒரு பக்கம் பிய்த்துச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

கார்த்திகை பதிமூன்று, வியாழக்கிழமை. காலையில் மழை கொஞ்சம் விட்டது. நம் உப்பளத்தில் அம்பாரத்துத் தார்ப்பாயைக் காற்று தூக்கியிருக்கும், பார்த்துவிட்டு வருகிறேன் என்று உங்கப்பா காரை எடுத்தார். போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது. அளத்துக் காவல்காரரிடம், "நெஞ்சப் போட்டுக் கரிக்கி வே. ஒரு சோடா குடிச்சாச் சரியாயிரும்" என்று சொல்லியிருக்கிறார். சோடாக் கடைக்குப் போகவில்லை. துறைமுகச் சாலையில் ஏறி ஆஸ்பத்திரி பக்கம்தான் திரும்பியிருக்கிறார். பாதி வழியில் கார் நின்றுவிட்டது. நாலு மூலையிலும் விளக்கு மினுக்கி மினுக்கி எரிய, ஸ்டியரிங் மேல் சாய்ந்து கிடந்திருக்கிறார். கன்டெய்னர் லாரிக்காரர்கள், யாரோ தூங்குகிறார் என்று ஒதுங்கி ஒதுங்கிப் போய்விட்டார்கள். மறுபடி மழை. பெவின் என்று ஒரு லாரி டிரைவர்தான் இறங்கிக் கண்ணாடியைத் தட்டியது. அவனே லாரியில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனான். "யக்கா, ஸ்டியரிங்குக்கு அந்தப் பக்கம் செவப்பா ஒரு முக்கோணம் எரிஞ்சிக்கிட்டு இருந்திச்சி. அண்ணாச்சி விரலு ஸ்டார்ட் பொத்தான் மேலயே இருந்திச்சி" என்றான்.

டாக்டர், அரை மணி நேரம் முந்தி வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார். அதை உன் சித்தப்பா மகாராஜன் பக்கத்தில் நின்று கேட்டான். பதினாறாம் நாள் விசேஷத்தில், சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் முன்னால், "ஏலே, நீ மாட்டுன பேட்டரிதாம்ல எங்கண்ணன நடுரோட்டுல விட்டுட்டு" என்று உன்னைப் பார்த்துக் கத்தினான். நீ எச்சில் இலையை அள்ளிக்கொண்டு நின்றாய். இலையைப் போட்டுவிட்டுக் கை கழுவப் போனவன்தான், அப்படியே பஸ் ஏறிவிட்டாய்.

பழைய ஹைபிரிட் கார் வேண்டாம் என்று நான் தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். பெட்ரோலும் வேண்டும், கரண்டும் வேண்டும் என்றால் அது என்ன கார், இரண்டு பெண்டாட்டிக்காரன் மாதிரி என்று சிரித்தேன். இப்போது அது மதில் ஓரத்தில் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு நிற்கிறது. துணி காயப் போடக்கூட அந்தப் பக்கம் போகப் பயமாக இருக்கிறது. மகாராஜன் திருநெல்வேலியிலிருந்து ஆள் கொண்டு வந்து பேட்டரியைத் திறந்து பார்க்கப் போகிறானாம். "யாரு தப்புன்னு தெரிஞ்சிரும்லா மதினி" என்கிறான்.

நீ வந்து பார் ராசா. உன் வேலை உனக்குத்தான் தெரியும்.

உன்னைப் பெற்றவள்
முருகேஸ்வரி


கோயம்புத்தூர்
2.2.2025

அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் வரவில்லை. சித்தப்பா சொன்னதில் தவறு எதுவும் இல்லை. காரில் இருந்த பேட்டரி வீணாகிவிட்டது, புதுசு போட வேண்டாம், நான் வேறு பேட்டரி பார்த்து மாட்டித் தருகிறேன் என்று அப்பாவிடம் சொன்னது நான். மாட்டியதும் நான். ஏழு வாரத்தில் அது நின்றது. இதில் திறந்து பார்க்க என்ன இருக்கிறது?

நீ அந்தக் காரின் பக்கம் போகாதே. பின்னால் ஆரஞ்சு நிறத்தில் தடிமனான கம்பிகள் இருக்கும். அவற்றில் இருநூறு வோல்ட்டுக்கு மேல் இருக்கிறது. அது வீட்டுக் கரண்ட் மாதிரி உதறிவிடாது. பிடித்துக்கொள்ளும்.

என்னைப் பற்றிக் கவலைப்படாதே. இங்கேயும் அதே வேலைதான், பேட்டரிகளைப் பிரித்துச் சரி பார்ப்பது. இப்போதெல்லாம் கையுறை போடாமல்தான் செய்கிறேன். போடத் தோன்றவில்லை. முதலாளி சத்தம் போடுகிறார். பழகிவிட்டது.

செந்தில்முருகன்


முத்தையாபுரம்
9.2.2025

நொங்கு,

உன் கடிதாசியில் கடைசி நாலு வரியை மட்டும் எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை. என்னைக் காரின் பக்கம் போகாதே என்று மேலே எழுதியிருக்கிறாய். பிடித்துக்கொள்ளும் என்று எழுதியிருக்கிறாய். அதற்கு நேர் கீழே நீ வெறுங்கையோடு தொடுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். இரண்டையும் ஒரே பேனாவால்தானே எழுதினாய்?

சோறு இறங்கவில்லை. ஆம்புலன்ஸ் சத்தம் எங்கே கேட்டாலும் கோயமுத்தூர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று திரும்பிப் பார்க்கிறேன். உங்கப்பா போய் இரண்டரை மாசம்தான் ஆகிறது. எனக்கு இன்னொன்றைத் தாங்குகிற உடம்பு இல்லை.

நான் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். நீ வர மாட்டாய், சரி. காரில் என்ன கோளாறு என்று எப்படிப் பார்ப்பது, எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று எழுது. நான் பார்த்து உனக்கு எழுதுகிறேன். உன் மேல் தப்பு இல்லை என்று தெரிந்தால் நீ கையுறையைப் போட வேண்டும். எழுத மாட்டேன் என்றால் நானே டிக்கியைத் திறந்து, எது கனகாம்பர நிறத்தில் இருக்கிறதோ அதை எல்லாம் தூக்கித் தூக்கிப் பார்ப்பேன். நான் சொன்னால் செய்வேன் என்று உனக்குத் தெரியும்.

நேற்று பாதித் தார்ப்பாயை விலக்கினேன். உள்ளே அவர் துண்டு கிடக்கிறது.

அம்மா


கோயம்புத்தூர்
18.2.2025

அம்மாவுக்கு,

தயவுசெய்து எதையும் தூக்கிப் பார்க்காதே. கீழே எழுதியிருப்பதை மட்டும் பார். எல்லாம் பார்ப்பதும் கேட்பதும்தான். கழற்றுகிற வேலை எதுவும் இல்லை.

1. காருக்கு இரண்டு பேட்டரி. பெரியது பின் சீட்டுக்குப் பின்னால், ஓட்டுவதற்கு. சிறியது டிக்கியின் வலது மூலையில், விளக்கு எரிவதற்கு. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு பொத்தானை அமுக்கு. ஒன்றுமே எரியவில்லை என்றால் சிறியது இறங்கிவிட்டது. யாராவது தெரிந்தவரை வைத்து அதற்கு மட்டும் வேறு பேட்டரியிலிருந்து கரண்ட் கொடுக்கச் சொல்.

2. எரிந்தால், என்னென்ன படம் எரிகிறது? வரைந்து அனுப்பு.

3. டிக்கியில் விரிப்புக்குக் கீழே தண்ணீர் நின்ற அடையாளம் உண்டா?

4. கருகல் வாசனை அல்லது புளித்த வாசனை வருகிறதா?

5. பின் சீட்டின் இடது ஓரத்தில், உட்கார்ந்தால் முழங்கை வருகிற உயரத்தில், சல்லடை மாதிரி ஒரு மூடி இருக்கும். பெரிய பேட்டரி மூச்சு விடுகிற இடம் அது. உள்ளே இருக்கும் காற்றாடி அது வழியாகத்தான் காற்றை இழுத்து பேட்டரியைக் குளிர வைக்கும். டார்ச் அடித்துப் பார். அடைப்பு ஏதாவது உண்டா? இலை, தாள், துணி?

6. பொத்தானை அமுக்கியதும் பின்னால் காற்றாடிச் சத்தம் கேட்கிறதா?

இதை எல்லாம் பார்த்து ஒன்றும் ஆகப் போவதில்லை. நீ ஆரஞ்சுக் கம்பியைத் தொடக் கூடாது என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

செந்தில்


முத்தையாபுரம்
26.2.2025

நொங்கு,

பெவினைக் கூப்பிட்டேன். அந்த லாரி டிரைவர் பிள்ளை. தெரிந்த ஆள் என்று எனக்கு அவன்தானே இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, சட்டை மாற்றாமல் வந்துவிட்டான். உன் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

பொத்தானை அமுக்க அவர் சீட்டில் நான்தான் உட்கார்ந்தேன். சீட்டு அவர் உயரத்துக்குப் பின்னால் தள்ளிக் கிடந்தது, என் கால் எட்டவில்லை. ஒன்றும் எரியவில்லை. பெவின் டிக்கிப் பேட்டரியில் வயர் மாட்டினான். பிறகு எரிந்தது. அதே முக்கோணம். எதிரே வெள்ளையாகச் சின்னக் கார் படம், அதன் மேல் ஒரு ஆச்சரியக் குறி. வரைந்திருக்கிறேன், கார் ஆமை மாதிரி வந்துவிட்டது. கடைசியில் அவர் கண் பார்த்தது இதைத்தானே என்று நினைத்துப் பொத்தானிலிருந்து கையை எடுத்தேன்.

அப்போது என் முதுகுக்குப் பின்னால் யாரோ ஸ்ஸ் என்று மூச்சு இழுத்தார்கள். செருப்பைக்கூட விட்டுவிட்டு இறங்கி ஓடினேன். பெவின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான். "யக்கா, பேய் இல்லக்கா, ஃபேனு! ஓங்க மவன் ஆறாவதுல எழுதியிருக்காம் பாருங்க" என்றான். ஆக, ஆறாவதற்குப் பதில், சத்தம் வருகிறது.

விரிப்புக்குக் கீழே தண்ணீர் இல்லை, காய்ந்துதான் கிடக்கிறது. கருகல் வாசனை எனக்குத் தெரியவில்லை. அவர் துண்டு வாசனைதான் வந்தது.

மகாராஜன் பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயில் போய்விட்டு வந்ததும் ஆளைக் கூட்டி வருவானாம். எனக்கு அந்த நாளை நினைத்தாலே பயமாக இருக்கிறது.

கையுறை போட்டாயா இல்லையா? அதற்கு முதலில் பதில் எழுது.

அம்மா


கோயம்புத்தூர்
12.3.2025

அம்மாவுக்கு,

எழுத்து கோணலாக இருக்கும். இடது கையால் எழுதுகிறேன்.

பயப்படாதே. போன வாரம் ஒரு பேட்டரியைப் பிரிக்கும்போது ஸ்பேனர் நழுவி இரண்டு செம்புப் பட்டைகளுக்கு நடுவில் விழுந்தது. ஒரு நொடிதான். வெல்டிங் வைத்த மாதிரி ஒரு வெளிச்சம். வலது உள்ளங்கையும் இரண்டு விரலும் வெந்துவிட்டன. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டிருக்கிறார்கள். விரல்கள் மடங்கும் என்கிறார்கள். முதலாளி பதினைந்து நாள் பட்டறைப் பக்கம் வராதே என்று சொல்லிவிட்டார்.

உன் பதில்களைப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஆறு. ஐந்தாவதற்கு மட்டும் பதில் இல்லை. மறந்துவிட்டாயா? அதுதான் முக்கியமானது.

செந்தில்


முத்தையாபுரம்
17.3.2025

என் நொங்கு,

மறக்கவில்லை.

இதை உனக்கு எப்படி எழுதுவது என்று தெரியாமல் இருபது நாள் ஒளித்து வைத்திருந்தேன். அந்த இருபது நாளுக்குள் உன் கை வெந்துவிட்டது. இனிமேல் ஒளிக்க எனக்குத் தைரியம் இல்லை. ஒரே மூச்சில் எழுதிவிடுகிறேன், நடுவில் நிறுத்தினால் எழுத மாட்டேன்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் நீ பேட்டரியை மாட்டி முடித்துவிட்டுக் குளிக்கப் போனாய். உப்பு விற்றுச் சாப்பிடுகிற வீடு நம்முடையது. புதுசாக எது வந்தாலும் முதலில் உப்பு வைக்காமல் இந்த வீட்டில் நாங்கள் தொட மாட்டோம். குடி போனாலும் உப்பு, பீரோ வாங்கினாலும் உப்பு. கார் வாங்கிய அன்றைக்கு வைக்க முடியவில்லை, உங்கப்பா நேரே சரக்குப் பார்க்க ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அதனால்தான் பேட்டரி பாழாயிற்று என்று என் மனசில் ஒரு உறுத்தல். இந்தத் தடவை விடக் கூடாது என்று இரண்டு கை கல்லுப்பை மஞ்சள் துணியில் முடிந்து எடுத்துக்கொண்டு போனேன். முன்னால் வைத்தால் அவர் எடுத்து வெளியே வைப்பார். யார் கண்ணும் படாத இடமாகத் தேடினேன். பின் சீட்டு ஓரத்தில் அந்தச் சல்லடை. நகத்தால் நெம்பினேன், மூடி வந்தது. உள்ளே ஒரு பொந்து. உப்பு வைக்கவே செய்த மாடம் மாதிரி இருந்தது. உள்ளே தள்ளி, மூடியைப் போட்டு அமுக்கினேன். கும்பிட்டேன்.

பேட்டரி மூச்சு விடுகிற இடம் என்று நீ எழுதியதைப் படித்ததும் என் மூச்சு நின்றுவிட்டது.

பெவினை ஒரு சொம்பு தண்ணீர் எடுத்து வரச் சொல்லி உள்ளே அனுப்பிவிட்டு, மூடியைக் கழற்றிக் கையை விட்டேன். துணி மட்டும் வந்தது. ஈரமாக, சுருங்கிப் போய், எலிக்குஞ்சு மாதிரி. உப்பு இல்லை. ஐப்பசி கார்த்திகை அடைமழைக்கு உப்பு என்ன ஆகும் என்று தெரிய எனக்குப் படிப்பு வேண்டாம், அளத்துக்காரன் பெண்டாட்டி நான். உருகி உள்ளே போயிருக்கிறது. பொந்தின் அடியில் வெள்ளையாக ஒரு கோடு இறங்கிப் போகிறது. டார்ச் வெளிச்சம் எட்டுகிற வரைக்கும் போகிறது.

துணியை அடுப்படியில் புளிப் பானைக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு தடவை குழம்பு வைக்கும்போதும் அது என்னைப் பார்க்கிறது.

உன் பேட்டரி ஒன்றும் செய்யவில்லை ராசா. அதன் வாயில் உப்பைப் போட்டு அடைத்தவள் நான். உங்கப்பாவை நடுரோட்டில் விட்டது நான். நீ என்னைப் பார்க்க வர வேண்டாம், எழுத வேண்டாம், அம்மா என்று சொல்லவும் வேண்டாம். கையுறையை மட்டும் போட்டுக்கொள். உன் மேல் தப்பு இல்லை என்றால் போடுவாய் என்றுதான் நான் கேட்டேன். இப்போது தப்பு இல்லை.

முருகேஸ்வரி


கோயம்புத்தூர்
29.3.2025

அம்மா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் அறையை விட்டு வெளியே போகவில்லை. என்ன எழுதினாலும் நீ என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொல்கிறாய் என்று எனக்குத் தோன்றும், நான் உன்னைக் காப்பாற்றுவதற்காகச் சொல்கிறேன் என்று உனக்குத் தோன்றும். ஆனாலும் எழுதுகிறேன்.

பெரிய பேட்டரிக்குள் இருபத்தெட்டுப் பெட்டிகள். ஒன்றோடு ஒன்றைச் செம்புப் பட்டை வைத்து இணைக்க வேண்டும். ஐம்பத்தாறு நட்டு. ஒவ்வொன்றையும் இவ்வளவுதான் முடுக்க வேண்டும் என்று அளவு காட்டுகிற ஸ்பேனர் இருக்கிறது. பட்டறையில் கேட்டேன், வெளியே கொண்டு போகக் கூடாது என்றார்கள். கைப் பழக்கத்தில் முடுக்கினேன். அப்பா வாசலில் நின்றுகொண்டு, "என்னலே, பூசைக்கு முந்தி ஓடிருமா ஓடாதா? எனக்கு முன்னால அது கெழவனாயிரும் போலுக்கே" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் சிரித்துக்கொண்டே முடுக்கினேன். கடைசி வரிசை நட்டுகளை இரண்டாம் தடவை தொட்டுப் பார்த்தேனா என்று எனக்கு நினைவில்லை. நான்கு மாதமாக யோசிக்கிறேன். நினைவில்லை.

அந்தப் பெட்டிகளும் ஒரே பேட்டரியிலிருந்து எடுத்தவை இல்லை. இரண்டு பழைய பேட்டரிகளிலிருந்து நல்லதாகப் பொறுக்கிச் சேர்த்தவை. அதை நான் அப்பாவிடம் சொல்லவில்லை.

நட்டு இளகியிருந்தால் பட்டை சூடாகி அந்த இடம் கருகியிருக்கும். உப்பு என்றால் பட்டை பச்சை பூத்திருக்கும். திறந்து பார்த்தால் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். சித்தப்பா ஆளை அழைத்து வரட்டும். கருப்பாகத்தான் இருக்கும். அதை நீ உன் கண்ணால் பார்த்துவிட்டு எழுது. அதுவரை அந்தத் துணியை வெளியே எறி.

செந்தில்


முத்தையாபுரம்
16.4.2025

நொங்கு,

நேற்று ஆள் வந்தான். மகாராஜன் புது வேட்டி கட்டிக்கொண்டு, ஏதோ பெண் பார்க்க வந்தவன் மாதிரி முன்னால் வந்து நின்றான். அந்த ஆள் ஒரு பெட்டி நிறையச் சாமான், முழங்கை வரைக்கும் கையுறை. கையுறையைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் பயந்து, "எக்கா, ஒண்ணும் ஆவாது, நீங்க தள்ளி நில்லுங்க" என்கிறான்.

பின் சீட்டைக் கழற்றி வெளியே வைத்தான். உள்ளே ஒரு இரும்பு மூடி. அது ஒன்றுதான் பாக்கி.

"மகாராஜா, ஒரு நிமிஷம்" என்றேன். துணியை எடுத்துக்கொண்டு வந்து அவன் கையில் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். நீ நட்டு பற்றி எழுதியதையும் சொன்னேன், எதையும் விடவில்லை. பச்சை என்றால் நான், கருப்பு என்றால் என் பிள்ளை, இப்போது திறக்கச் சொல் என்றேன்.

மகாராஜன் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இது எந்த உப்பு மதினி?" என்றான்.

"நீ கொண்டாந்ததுதான். பொரட்டாசிக் கடைசியில, இதமாரி வெள்ளை இந்த வருசம் எங்கயும் வாரலன்னு ஒரு சாக்கு இறக்குனியே."

"பூசைக்கு வைங்கன்னு நாந்தான சொன்னேன்" என்றான். அப்புறம் மதில் ஓரத்தில் குத்த வைத்து உட்கார்ந்து துண்டை வாயில் வைத்துக்கொண்டான். அவன் அழுது நான் பார்த்ததில்லை. அண்ணன் போன அன்றைக்குக்கூடக் கத்தினானே தவிர அழவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து, "ஏ தம்பி, சீட்ட எடுத்து மாட்டும்" என்றான்.

அந்த ஆளுக்கு ஒன்றும் புரியவில்லை. "அண்ணாச்சி, நாலே நாலு போல்ட்டுதான். பத்து நிமிசத்துல என்னன்னு தெரிஞ்சிரும்."

"தெரிய வேண்டாம்ங்கேன்லா!"

அந்த ஆள் என்னைப் பார்த்தான். நானும் வேண்டாம் என்றுதான் தலையை ஆட்டினேன். நீ பார்த்து எழுதச் சொன்னாய். நான் பார்க்கவில்லை. மன்னித்துக்கொள். திறந்தால் நம் இரண்டு பேரில் ஒருத்தர் தப்பித்துவிடுவோம், இன்னொருத்தர் சாகிற வரைக்கும் அதைச் சுமக்க வேண்டும். நான் சுமப்பேன், அதற்குப் பயமில்லை. கருப்பாக இருந்துவிட்டால் என்ன செய்வேன் என்றுதான் பயந்தேன். ஆளுக்கு மோர் கொடுத்து அனுப்பிவிட்டோம். "நான் சொன்னதத் திருப்பி எடுத்துக்கிட்டேன்னு அவனுக்கு எழுதுங்க மதினி" என்றான் உன் சித்தப்பா. எழுதிவிட்டேன்.

உன் கடிதாசியில் நட்டு இருக்கிறது, பட்டை இருக்கிறது, பச்சை கருப்பு எல்லாம் இருக்கிறது. கையுறை பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதைத் தேடித் தேடி மூன்று தடவை படித்தேன்.

அதனால் இன்றைக்குக் காலையில் நானே டவுனுக்குப் போய் எலக்ட்ரிக் கடையில் கேட்டேன். "எவ்வளவுக்கு வேணும்க்கா?" என்றான் கடைக்காரன். என் கையை விரித்துக் காட்டி, "இதவிட ஒரு விரக்கடை நீளம்" என்றேன். "கையளவு கேக்கலக்கா, கரண்டு அளவு கேக்கேன்" என்றான். உன் கடிதாசியைப் பிரித்து இருநூறு என்று இருந்த வரியைக் காட்டினேன். அவன் அந்த வரியைத் தாண்டியும் கொஞ்சம் படித்துவிட்டான் போல. உள்ளே போய், இருப்பதில் நல்லதாக ஒரு ஜோடி எடுத்து வந்தான். போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் ஊதிப் பார்க்கச் சொல்லுங்கள், ஊசி முனை ஓட்டை இருந்தாலும் ஆகாது என்றான். வீட்டுக்கு வந்து நான் ஊதிப் பார்த்தேன். காற்று போகவில்லை. அந்தக் காற்றோடுதான் கட்டி அனுப்பப் பார்த்தேன், பார்சல்காரர் அமுக்கிவிட்டார்.

வலது கை ஆறியதும் போடு. அதற்கு முன்னால் எந்தப் பேட்டரியையும் தொடாதே. தபால்காரர் வண்டி வாசலில் நின்றால், கவரில் இருப்பது உன் எழுத்தா, வேறு யாராவது எழுதியதா என்று பார்க்கிற வரைக்கும் நான் வாசலை விட்டு நகர்வதில்லை. கோணல் எழுத்தாக இருந்தாலும் உன் எழுத்தாக இருக்கட்டும்.

இப்படிக்கு
உன் அம்மா முருகேஸ்வரி

பேரை எழுதிய பிறகும் பேனாவை மூட முடியவில்லை. பச்சையா கருப்பா என்று இனி நான் உன்னிடம் கேட்க மாட்டேன், நீயும் கேட்காதே. வேறு ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த அரை மணி நேரம், மழைக்குள், காருக்குள் தனியாக உட்கார்ந்து, உங்கப்பா நம்மை ஏசினாரா, கூப்பிட்டாரா?